மூட்டுக்கு யார் பொறுப்பு?

(நிறுவனங்களின் டேட்டா சென்டர்களைப் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குழாய் வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: பைப் ஒழுகுவது அபூர்வம், ஒழுகுவதெல்லாம் ஜாயிண்ட்தான். டேட்டா சென்டரில் நாலு வருஷம் இரவுப் பணி பார்த்தவரிடம் இதைச் சொன்னால் உடனே தலையாட்டுவார். சர்வரைத் தனியாகச் சோதித்தால் குறை இருக்காது. ஸ்டோரேஜிலும் இருக்காது. இரண்டையும் இணைக்கும் ஸ்விட்சில் எல்லா விளக்கும் பச்சையாகவே எரியும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அடுத்தது தொலைபேசிப் படலம். சர்வர் கம்பெனிக்காரர், “எங்கள் பக்கம் எல்லாம் சரி, ஸ்டோரேஜைப் பாருங்கள்” என்பார். ஸ்டோரேஜ் கம்பெனிக்காரர் பதிவுக் கோப்புகளை வாங்கிப் பார்த்துவிட்டு, சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் ஹெச்பிஏ அட்டையின் டிரைவர் பழையது, அதோடு சேர்த்து நாங்கள் சோதித்ததில்லை என்பார். ஸ்விட்ச் கம்பெனியோ, ஃபர்ம்வேரை மாற்றிவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லும். அதை மாற்றினால் சர்வர் கம்பெனியின் ஆதரவுப் பட்டியலுக்கு வெளியே போய்விடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவரவர் பொருள் சரியாகவே இருக்கிறது. இரண்டு பொருள்கள் சந்திக்கிற இடம்தான் எவருடைய விலைப்பட்டியலிலும் இல்லை.

அந்த இடத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி விற்கப்பட்ட சரக்குக்குத் தொழிலில் கன்வெர்ஜ்டு இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று பெயர். ஒருங்கிணைந்த உள்கட்டமைப்பு என்று தமிழில் எழுதலாம். சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க், இவற்றின் மேல் ஓடும் மெய்நிகராக்க மென்பொருள் (ஹைப்பர்வைசர்) ஆகிய நான்கையும் முன்கூட்டியே பொருத்தி, சோதித்து, ஒரே பொருளாகக் கொடுப்பது. ஒரே ஆர்டர், ஒரே பராமரிப்பு ஒப்பந்தம், பழுதென்றால் கூப்பிட ஒரே எண். பெட்டிகளில் பெரும்பாலானவை ஏற்கனவே சந்தையில் தனித்தனியாகக் கிடைத்தவைதான். புதிதாக விற்கப்பட்டது பொறுப்பு. அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, என்ன விலைக்குப் போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

கூட்டுக்குடும்பம் பிரிந்து மறுபடி சேர்ந்த கதை இது. 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்த காலத்தில் செயலி, வட்டு, நாடா, மென்பொருள், பழுது பார்க்க வரும் பொறியாளர் எல்லாமே ஒரே வீட்டுச் சரக்கு. பிரச்சினை என்றால் ஒரே வாசலில் போய் நிற்கலாம். விலையும் அந்த வாசலில் சொன்னதுதான். 1969இல் ஐபிஎம் மென்பொருளுக்கும் சேவைக்கும் தனி விலை வைப்பதாக அறிவித்தது. 360இன் தலைமை வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டாலே வெளியேறி, 1970இல் சொந்த நிறுவனம் தொடங்கி, ஐபிஎம் மென்பொருளை ஓட்டக்கூடிய போட்டிக் கணினியைச் செய்து விற்றார். பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனிக்கடை முளைத்தது. ஸ்டோரேஜுக்கு இஎம்சி, அதன் சிம்மெட்ரிக்ஸ் வந்தது 1990இல். ஸ்டோரேஜ் நெட்வொர்க்கின் ஃபைபர் சேனல் ஸ்விட்சுக்கு 1995இல் தொடங்கிய பிரோக்கேட். சர்வருக்கு ஐந்தாறு பேர். போட்டியில் விலை இறங்கியது, தேர்வு பெருகியது. ஜாயிண்டுகளும் பெருகின.

இந்த வலியை உச்சத்துக்குக் கொண்டுபோனது, வலி தீர்க்க வந்த மருந்து என்பது வேடிக்கை. 1998இல் தொடங்கிய விஎம்வேர், ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் வித்தையை மலிவான கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 2003இல் அது வெளியிட்ட வி-மோஷன் வசதி, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் சர்வரை நிறுத்தாமலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றியது. முதன்முதலில் பார்த்தவர்களுக்கு அது மாயாஜாலம். ஆனால் அந்நாளில் அதற்கொரு நிபந்தனை இருந்தது: இரண்டு பெட்டிகளும் ஒரே பொது ஸ்டோரேஜைப் பார்க்க வேண்டும். வட்டு சர்வருக்குள்ளேயே இருந்தவரை நெட்வொர்க் ஆளும் ஸ்டோரேஜ் ஆளும் அடிக்கடி முகம் பார்க்க வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொரு சர்வரும் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் சேர்ந்தாக வேண்டும், ஒவ்வொரு சேர்க்கையிலும் மூன்று துறைகளின் கையெழுத்து வேண்டும் என்றானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினாறு சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஈதர்நெட் கேபிள், ஸ்டோரேஜுக்கு இரண்டு, நிர்வாகத்துக்கு ஒன்று. மின்சாரக் கம்பி நீங்கலாகவே 112 கேபிள்கள். ரேக்கின் பின்கதவைத் திறந்தால் ஆலமர விழுது. லேபிள் உதிர்ந்த ஒரு கேபிளைப் பிடுங்குவதற்கு முன் பொறியாளர் குலதெய்வத்தை நினைத்துக்கொள்வார்.

இந்தச் சூழலில் 2009 மார்ச் 16 அன்று, அதுவரை சர்வரே செய்யாத சிஸ்கோ, யூசிஎஸ் என்ற சர்வர் வரிசையை அறிவித்தது. மரியோ மஸோலா, லூகா கஃபியரோ, பிரேம் ஜெயின், சோனி ஜியந்தானி ஆகியோர் நுவோவா சிஸ்டம்ஸ் என்ற பெயரில் செய்த வேலை அதற்கு அடித்தளம். நுவோவாவை 2008இல் சிஸ்கோ முழுவதுமாக வாங்கிக்கொண்டது. ஒரு கூட்டுக்குள் எட்டு சர்வர் அட்டைகள். ஸ்டோரேஜ் போக்குவரத்தும் சாதாரண நெட்வொர்க் போக்குவரத்தும் ஒரே கம்பியில். முன்பு சொன்ன பதினாறு சர்வர்களும் இரண்டு கூடுகளில் அடங்கிவிடும். கூட்டுக்கு அதிகபட்சம் எட்டுக் கேபிள், ஆக மொத்தம் பதினாறு.

கேபிள் குறைந்தது கண்ணுக்குத் தெரிகிற லாபம். உண்மையான லாபம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் சில அடையாளங்கள் உண்டு: நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி, ஸ்டோரேஜ் அட்டையின் 16 இலக்க வேர்ல்ட் வைட் நேம், பயாஸ் அமைப்புகள், ஃபர்ம்வேர் பதிப்பு. பழைய முறையில் இவை இரும்போடு பிறந்து இரும்போடு போகும். அட்டை எரிந்து புதிது மாற்றினால் புதிய எண் வரும். ஸ்டோரேஜுக்கு அந்தப் புதிய எண் அந்நியன், கதவைத் திறக்காது. ஸ்டோரேஜ் குழு தன் பக்கம் மாற்ற வேண்டும், ஸ்விட்சில் யார் யாரைப் பார்க்கலாம் என்ற மண்டலப் பிரிவை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மாற்றக் கோரிக்கைப் படிவம், ஒப்புதல். உதிரிப்பாகம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், கையெழுத்து மறுநாள் வரும்.

யூசிஎஸ் இந்த அடையாளங்களைச் சர்வரிலிருந்து பிரித்து, சர்வீஸ் புரொஃபைல் என்ற ஒரு மென்பொருள் கோப்பில் வைத்தது. தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் மாற்றலாகிப் போனாலும் முத்திரை மேசையிலேயே இருப்பதுபோல. அதிகாரம் நாற்காலிக்கு, ஆள் மாறலாம். எரிந்த சர்வர் அட்டையைக் கழற்றிவிட்டு உதிரி சர்வர் அட்டைக்கு அதே புரொஃபைலைக் கொடுத்தால், ஸ்டோரேஜுக்கு அது பழைய ஆளேதான். இயங்குதளமும் பொது ஸ்டோரேஜிலேயே இருந்தால் சர்வர் விட்ட இடத்திலிருந்து எழுந்து நிற்கும். மூன்று துறைகள் கூடிச் செய்த வேலை, ஒருவர் திரையில் செய்கிற வேலையானது. சர்வர் உலகில் இதற்கு இணையான யோசனைகள் முன்பே இருந்தன. ஹெச்பியின் பிளேடு சர்வர்களிலும் இதன் சாயல் உண்டு. ஆனால் மொத்த அமைப்பையுமே இந்த யோசனையைச் சுற்றிக் கட்டியதுதான் சிஸ்கோவின் துணிச்சல்.

2009 நவம்பர் 3. சிஸ்கோவும் இஎம்சியும் கூட்டு சேர்ந்து, விஎம்வேர், இன்டெல் முதலீட்டோடு ஒரு நிறுவனத்தை அறிவித்தன. முதலில் அகாடியா என்று பெயர். பிறகு விசிஇ ஆனது. காம்பேக் நிறுவனத்தின் தலைவராக இருந்த மைக்கேல் கபெல்லாஸ் பொறுப்பேற்றார். பொருளின் பெயர் விபிளாக். சிஸ்கோ சர்வரும் ஸ்விட்சும், இஎம்சி ஸ்டோரேஜும், விஎம்வேர் மென்பொருளும் தொழிற்சாலையிலேயே ரேக்கில் பூட்டி, கேபிள் போட்டு, சோதித்து வரும். வாடிக்கையாளர் மின்சாரமும் நெட்வொர்க் கம்பியும் கொடுத்தால் போதும் என்பது விற்பனைப் பேச்சு. ஹெச்பி சும்மா இருக்கவில்லை. அதே மாதம் 11ஆம் தேதி, சிஸ்கோவின் போட்டியாளரான த்ரீகாம் நிறுவனத்தை 270 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. நெட்வொர்க்காரர் சர்வருக்குள் நுழைந்தால் சர்வர்காரர் நெட்வொர்க்குக்குள் நுழைவார். அதற்கு முந்தைய வருஷமே ஆரக்கிள், ஹெச்பி பெட்டிகளைக் கொண்டு எக்ஸாடேட்டா என்ற தரவுத்தளப் பொறியைக் கொண்டுவந்திருந்தது. பிறகு சன் நிறுவனத்தை வாங்கி, பெட்டியையும் தன்னுடையதாக்கிக்கொண்டது.

2010இல் ஸ்டோரேஜ் நிறுவனமான நெட்ஆப்பும் சிஸ்கோவும் வேறு வழியில் வந்தன. ஃப்ளெக்ஸ்பாட் என்று பெயர். விபிளாக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நம் கல்யாண வீடுகளுக்கு அத்துப்படி. ஒரு வகை, இலைக்கு இவ்வளவு என்று பேசி மொத்தத்தையும் காண்டிராக்டரிடம் விடுவது. பந்தியில் குறை என்றால் அவரைக் கேட்கலாம். ஆனால் பருப்பு எங்கே வாங்கினார், எண்ணெய் என்ன பிராண்டு என்று கேட்க முடியாது. இன்னொரு வகை, சமையல்காரர் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார், வீட்டுக்காரர் வாங்கி வந்து வைப்பார். விபிளாக் இலைக் கணக்கு. ஃப்ளெக்ஸ்பாட் மளிகை லிஸ்ட்: எந்த சர்வர், எந்த ஸ்விட்ச், எந்த ஸ்டோரேஜ், எந்தெந்தப் பதிப்பு, எப்படி இணைப்பது என்று சோதித்துப் பார்த்து எழுதிய நூற்றுக்கணக்கான பக்க வடிவமைப்பு ஆவணம். பொருளை உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கலாம், அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், இருக்கிற ஸ்விட்சையே பயன்படுத்தலாம். லிஸ்டை மீறி வாங்கினால் ருசிக்கு வீட்டுக்காரரே பொறுப்பு.

இரண்டிலும் பேசப்படாத நாயகன் ஒரு அட்டவணை. விசிஇயில் அதற்கு ரிலீஸ் சர்ட்டிஃபிகேஷன் மேட்ரிக்ஸ் என்று பெயர். சர்வர் ஃபர்ம்வேர் இந்தப் பதிப்பு, ஸ்விட்ச் இந்தப் பதிப்பு, ஸ்டோரேஜ் இந்தப் பதிப்பு, ஹைப்பர்வைசர் இந்தப் பதிப்பு. இந்த நான்கும் சேர்ந்து எங்கள் ஆய்வகத்தில் ஓடின என்று கம்பெனியே கையெழுத்திட்டுத் தரும் பட்டியல். பார்க்க அலுப்பூட்டும். ஆனால் ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஐந்து பேர் கொண்ட குழு, இந்தப் பொருத்தங்களைத் தானே சோதித்து அறிய வேண்டுமானால் இதே போன்ற இன்னொரு ரேக்கைச் சோதனைக்கென்றே வாங்கி வைக்க வேண்டும். யார் வாங்குவார்? அதனால் பெரும்பாலான இடங்களில் மேம்படுத்தாமலே விட்டுவிடுவார்கள். ஓடுகிற வண்டியை எதற்குத் தொட வேண்டும் என்ற நியாயம். பாதுகாப்பு ஓட்டைகள் அப்படித்தான் வருஷக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. ஒருங்கிணைந்த அமைப்பு வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், வேகத்தையோ கேபிள் குறைவதையோ விட இந்த அட்டவணையைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே மாதிரி இருக்க வேண்டியவை ஒரே மாதிரி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி ஒரு பாடம். 2018 ஏப்ரலில் அந்த வங்கி, லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து தன் ஸ்பானிய உரிமையாளர் சபாடெல் கட்டிய புதிய அமைப்புக்கு ஒரு வார இறுதியில் மாறியது. திங்கட்கிழமை சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றனர். பிறகு வங்கி நியமித்த ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனம் விசாரித்து அறிக்கை தந்தது. புதிய அமைப்பு ஓடிய இரண்டு டேட்டா சென்டர்களும் ஒன்றுபோல அமைக்கப்பட்டிருக்க வேண்டும். சுமை தாங்கும் சோதனை ஒன்றில்தான் நடந்தது. இரண்டும் ஒன்றுதானே என்ற நம்பிக்கை. ஆனால் அமைப்பில் இரண்டும் ஒன்றாக இல்லை. நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையங்கள் 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். ஒருங்கிணைந்த பெட்டி வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. அங்கே கோளாறுகள் பல, அவசரமும் அவற்றில் ஒன்று. கையால் கட்டிய இரண்டு வீடுகளின் சுவர் ஒரே அளவில் வராது என்பதற்காகவே இந்த உதாரணம்.

பெட்டி வந்து இறங்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்பனை விளக்கப் படங்களில் அது இருக்காது. ரேக்கின் அளவை ‘யு’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யு என்பது ஒன்றே முக்கால் அங்குலம். 42 யு ரேக் சட்டத்தோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். ஏழடி நிலைக்கதவில் நுழையும். மரப்பலகை அடியோடு நிமிர்ந்த நிலையில் வந்தால் இடிக்கும். எல்லாம் பொருத்தி வரும் ரேக் ஒரு டன்னை நெருங்கலாம். லிஃப்ட் தாங்குமா, உயர்த்திய தரைப்பலகை தாங்குமா என்று சிவில் பொறியாளரைக் கேட்டாக வேண்டும். அடுத்தது சூடு. ரேக்குக்கு மூன்று, நான்கு கிலோவாட் என்று கணக்கிட்டு ஏசி போட்ட பழைய சர்வர் அறையில், அதைப்போல் மூன்று நான்கு மடங்கு சூடு தரும் ரேக்கை வைத்தால் அந்த மூலை மட்டும் சூளையாகும். பாதி ரேக்கைக் காலியாக விட்டு ஓட்டுகிற இடங்கள் உண்டு. அடர்த்திக்குப் பணம் கொடுத்துவிட்டு அடர்த்தியைப் பயன்படுத்த முடியாத நிலை.

இன்னொரு சிக்கல் மனிதர்களுடையது. சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் மூன்றும் ஒரே பெட்டி ஆகிவிட்டால், அந்தப் பெட்டி எந்தத் துறைக்குச் சொந்தம்? நெட்வொர்க் குழு, ஸ்விட்ச் உள்ளே இருக்கிறது, கடவுச்சொல் எங்களுடையது என்னும். சர்வர் குழு, வெறும் விருந்தாளியாக எப்படி இருப்பது என்னும். பெட்டியை ஒன்றாக்கிவிட்டுத் துறைகளை அப்படியே வைத்திருந்த நிறுவனங்களில், தொலைபேசிப் படலம் கம்பெனிகளுக்கு இடையிலிருந்து ஒரே மாடியின் மேசைகளுக்கு இடையே இடம் மாறியது, அவ்வளவுதான்.

நம் ஊர் அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறைக்கும் இதில் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு: கொள்முதல். சர்வருக்கு ஒரு டெண்டர், ஸ்டோரேஜுக்கு ஒரு டெண்டர், ஸ்விட்சுக்கு ஒரு டெண்டர் என்று விட்டால் மூன்றிலும் மூன்று எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர்கள், வருவார்கள். பொருள் மூன்று மாதம் முன்பின்னாக வந்து சேரும், வாரண்டி மூன்று தேதியில் முடியும். ஜாயிண்டுக்கு எல்-1 கிடையாது. எல்லாவற்றையும் ஒரே டெண்டரில் சேர்த்தால் பொருத்தம் கிடைக்கும். ஆனால் கலந்துகொள்ளக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேராகச் சுருங்குவார்கள், யாருக்காகவோ எழுதிய டெண்டர் என்ற புகார் எழும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தொழில்நுட்பத்தைப் பெட்டியாக வரையறுக்காமல் இவ்வளவு மெய்நிகர் சர்வர், இவ்வளவு டெராபைட், இத்தனை நிமிடத்தில் மீள வேண்டும் என்று பலனாக எழுதி, மொத்தத்துக்கும் ஒரே பொறுப்பாளரைக் கேட்பது ஓரளவு நல்ல வழி. அப்படி எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் ஜாயிண்டையே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று ஒரு கூட்டம் யோசித்தது. 2003இல் கூகுள் தன் கோப்பு அமைப்பைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. விலை உயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டியே இல்லாமல், மலிவான சர்வர்களின் உள்வட்டுகளை மென்பொருளால் கோத்து ஒரே பெரிய களஞ்சியமாக்கும் முறை. அந்த அனுபவம் உள்ள மோஹித் ஆரோன், தீரஜ் பாண்டே, அஜித் சிங் ஆகியோரோடு சேர்ந்து 2009இல் தொடங்கியது நூட்டானிக்ஸ். விபிளாக் பிறந்த அதே வருஷம். இந்த வகைக்கு ஹைப்பர்கன்வெர்ஜ்டு என்று பெயர் வந்தது. மூன்று சர்வர் வாங்கித் தொடங்கலாம். இடம் போதவில்லையா, நாலாவது வாங்கிச் செருகலாம். தனி ஸ்டோரேஜ் இல்லை, ஃபைபர் சேனல் ஸ்விட்ச் இல்லை, அதை நிர்வகிக்கும் நிபுணரும் வேண்டியதில்லை. கிளை அலுவலகங்களுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் இது உண்மையிலேயே வரப்பிரசாதம். விஎம்வேர் 2014 மார்ச்சில் இதே வகையில் தன் விசான் மென்பொருளோடு வந்தது, ஹெச்பி எண்டர்பிரைஸ் 2017இல் சிம்ப்ளிவிட்டியை 65 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆனால் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வட்டு கெட்டால் தரவு போகக் கூடாது என்பதால் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு பிரதியாக இரண்டு சர்வரில் இருக்கும். 100 டெராபைட் வட்டு வாங்கினால் கைக்கு வருவது 50க்கும் கீழே. சுருக்கி வைக்கும் உத்திகள் கொஞ்சம் மீட்டுத் தரும். ஏற்கனவே சுருக்கிய வீடியோவையும் எக்ஸ்ரே படத்தையும் அதிகம் சுருக்க முடியாது. ஸ்டோரேஜ் வேலையைச் செய்யும் மென்பொருளும் ஒவ்வொரு சர்வரின் நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: வட்டு மட்டும் போதாமல் போனாலும் முழு சர்வர் வாங்க வேண்டும். அதில் தரவுத்தளம் ஓடினால், அதன் உரிமம் செயலிக் கருக்களின் எண்ணிக்கைப்படி என்றால், வட்டுக்காக வாங்கிய சர்வர் தரவுத்தள உரிமக் கட்டணத்தையும் ஏற்றிவிடும். இதைச் சரிசெய்யக் கம்பெனிகள் ஸ்டோரேஜ் மட்டும் உள்ள சர்வர்களை விற்றன. ஹெச்பி எண்டர்பிரைஸ் 2019இல் சர்வரையும் ஸ்டோரேஜையும் மறுபடி தனித்தனிப் பெட்டியாக்கி, நிர்வாகத்தை மட்டும் ஒன்றாக்கி ஒரு வகையைக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், பிரிக்கப்பட்ட அதிஒருங்கிணைப்பு. சிரிக்க அனுமதி உண்டு.

இனி விலையின் மறுபக்கம். மூட்டுக்குப் பொறுப்பேற்றவர்களே மூட்டு விலகினால்?

விசிஇயின் பங்காளிகளான சிஸ்கோ, இஎம்சி, விஎம்வேர் மூவரும் நண்பர்களாக இருந்தவரை விபிளாக்குக்குக் குறையில்லை. 2012இல் விஎம்வேர், நெட்வொர்க்கையே மென்பொருளாக்கும் நிசிரா என்ற நிறுவனத்தைச் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்கியது. சிஸ்கோவின் சோற்றிலேயே கை வைத்த மாதிரி. அடுத்த வருஷம் சிஸ்கோ தன் பதிலை வெளியிட்டது. ஒரே ரேக்குக்குள் இருந்த இரண்டு கம்பெனிகள் சந்தையில் எதிரெதிர்க் கடை விரித்தன. 2014 அக்டோபரில் இஎம்சி விசிஇயைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. சிஸ்கோ சுமார் 10 சதவீதப் பங்கோடு ஒதுங்கியது. 2016 செப்டம்பரில் இஎம்சியையே டெல் விழுங்கியது, அறிவித்தபோது அதன் மதிப்பு 6,700 கோடி டாலர். டெல் சொந்தமாக சர்வர் விற்கிற கம்பெனி. சிஸ்கோ சர்வர் கொண்ட ரேக்கை விற்க அதற்கு எத்தனை நாள் ஆசை இருக்கும்? சிஸ்கோவோ 2016இல் ஹைப்பர்ஃப்ளெக்ஸ் என்ற சொந்த ஹைப்பர்கன்வெர்ஜ்டு பொருளைத் தொடங்கி, 2023இல் நூட்டானிக்ஸோடு கைகோத்தபின் அதை நிறுத்துவதாக அறிவித்தது. ஏழே வருஷம். வங்கியோ பல்கலைக்கழகமோ வாங்கிய ஒரு கட்டமைப்பு அதைவிட அதிக நாள் உழைக்க வேண்டியது.

பெரிய அதிர்ச்சி 2023 நவம்பர் 22 அன்று வந்தது. சிப் நிறுவனமான பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரில், ஒரு முறை வாங்கினால் என்றைக்கும் சொந்தம் என்ற பழைய உரிம விற்பனையை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. தனித்தனியாக விற்ற மென்பொருள்களைச் சில பெரிய கட்டுகளாகச் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்டு டி, பிராட்காமுக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் விஎம்வேர் அமைப்பில் இருந்தவை சுமார் 75,000 மெய்நிகர் சர்வர்கள், அவை ஓடிய இரும்புப் பெட்டிகள் 8,600 அளவில். தன்னிடம் 1,050 சதவீத விலை உயர்வு கேட்கப்பட்டதாக அந்த வழக்கின் ஆவணங்களில் ஏடி அண்டு டி கூறியது. சில மாதங்களில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. வழக்குத் தொடுக்கும் வசதி ஏடி அண்டு டிக்கு இருந்தது. முப்பது சர்வர் வைத்திருக்கும் நிறுவனம் யாரிடம் போகும்? ஒருங்கிணைந்த ரேக்கில் ஹைப்பர்வைசரை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம் என்றால், முன்பு புகழ்ந்த அட்டவணையில் அந்த வேறொன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே எண்ணுக்குப் போன் செய்யும் உரிமை போய்விடும். பெட்டிகளுக்கு நடுவிலிருந்த மூட்டு ஒப்பந்தத்தின் பக்கங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

திறமையும் ஆளும் உள்ளவர்கள் இந்தப் பொறுப்பை யாரிடமும் கொடுப்பதில்லை. ஃபேஸ்புக் 2011இல் ஓரிகனின் பிரைன்வில் டேட்டா சென்டருக்காகத் தானே வடிவமைத்த சர்வர்களின் வரைபடங்களை ஓப்பன் கம்ப்யூட் என்ற பெயரில் பொதுவில் வைத்தது. சோஹோ தன் சேவைகளைப் பொதுக் கிளவுடில் வைக்காமல் தன் சொந்த அமைப்பிலேயே நடத்துகிறது. மறுகோடியில், இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ரேக்கும் வேண்டாம், ஹைப்பரும் வேண்டாம். கிளவுடோ இரண்டு நல்ல சர்வரோ போதும். ஒருங்கிணைந்த கட்டமைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு: மாவட்டக் கூட்டுறவு வங்கி அளவு, ஐந்நூறு படுக்கை மருத்துவமனை அளவு. அவர்களுக்கு அது பெரும்பாலும் சரியான முடிவுதான். வாங்கும் நாளிலேயே வெளியேறும் வழியையும் எழுதிக் கேட்டால்: தரவை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள், உரிமம் சந்தா ஆனால் விலைக்கு உச்சவரம்பு என்ன, கம்பெனி கைமாறினால் ஒப்பந்தம் என்னாகும். விற்பனையாளர் முகம் சுளிப்பார். கேட்கிற நேரம் அதுதான். கையெழுத்துக்குப் பிறகு அவர் தொலைபேசியே எடுக்க மாட்டார்.

ரேக்கை ஒரே பொருளாக விற்கும் யோசனை இப்போது இன்னொரு இடத்தில் முழு வேகத்தில் திரும்பியிருக்கிறது. 2024 மார்ச்சில் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ஒரே ரேக்: 72 ஜிபியூக்கள், 36 சிபியூக்கள், சுமார் 120 கிலோவாட், திரவக் குளிர்விப்பு, உள்ளே 5,000க்கும் மேற்பட்ட செப்புக் கேபிள்கள். பழைய 112 கேபிளுக்கே குலதெய்வத்தை வேண்டியவர்கள் இதைத் தொடப்போவதில்லை. இங்கே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அலுவலகத்தில் பொருத்தலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

விபிளாக் என்ற பெயர் இன்று விலைப்பட்டியல்களில் இல்லை. விசிஇ என்ற பெயரும் டெல்லுக்குள் கரைந்துவிட்டது. 2010இன் மளிகை லிஸ்ட், ஃப்ளெக்ஸ்பாட், இன்னும் இருக்கிறது. சிஸ்கோவும் நெட்ஆப்பும் அதற்குப் புதிய வடிவமைப்பு ஆவணங்களை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இப்போது என்விடியா அட்டைகளுக்கும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.